உனக்குப் பிடிக்காத கறுப்பு ட்ரெயிலர்

மகனே,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். இந்த முறை நான் விசாரிக்கப்போவதில்லை. நீ சுகமாய்த்தான் இருக்கிறாய். சுகமில்லாதவனுக்கு இவ்வளவு எரிச்சலாய் எழுத வராது. கலியாணம் முடித்து, வேலை கிடைத்து, மலைக்குப் போன பிறகு நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் நேற்று வந்தது. நாலைந்து வரிதான். மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்ததாம், கீறல் இல்லையாம். ஆனால் நீ சொன்ன ட்ரெயிலர் இது இல்லையாம். தோட்டத்துப் பிள்ளைகள் இதைப் பார்த்து மீன்வண்டி என்று சிரிக்கிறார்களாம், துரைகூடச் சிரித்தாராம். இதைத் திருப்பி எடுத்துவிட்டு, நீ தெரிந்து வைத்த பச்சை ட்ரெயிலரை உடனே அனுப்ப வேண்டுமாம். அம்மா எப்படி, அப்பா எப்படி என்று ஒரு சொல் இல்லை. கடைசியில் பூரணம்தான் தன் முத்துப்போன்ற எழுத்தில் "மாமா, மாமி சுகமா?" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு என் அன்பைச் சொல்லு. உனக்குச் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது. இருந்து வாசி.

அந்தப் பச்சை ட்ரெயிலர் இப்போதும் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைக்குள்தான் நிற்கிறது. அதைத் தாண்டி ஒரு ரிக்ஷா வர முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கோழி அதற்குள் ஏறி அடைகாக்கிறது. தபால்காரன் ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றி வந்து என்னைப் பார்க்கிற பார்வையை நீ பார்க்க வேண்டும். நீ புறப்படுவதற்கு முன்னர் உன் சிநேகிதனோடு இரத்மலானைக்குப் போய், பட்டாளம் விட்டுவிட்டுப் போன சாமான் விற்கிற முற்றத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் இருந்தபடி அப்பாவுக்கு வர்ணித்தது எனக்கு நல்ல ஞாபகம். பெரிய சில்லாம், வளைந்த மட்கார்டாம், வில்லுப் போட்டிருக்கிறதாம், பெயின்ட் புதிதாம். எவ்வளவு உயரம் என்று நான் கேட்டேன். "அதெல்லாம் நல்ல உயரம் அம்மா" என்றாய். உயரம் கூடினால் நல்லது என்று நினைக்கிறவர்கள் ஆம்பிளைகள் மட்டும்தான். அதன்மேல் எப்படி ஏற்றுவது என்று கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் நீயும் அப்பாவும் சில்லைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

ட்ரெயிலர் எதற்கு என்பதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீ மறந்துபோனாய் போலிருக்கிறது. உனக்குக் கிடைத்த, மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் வேலை இரண்டு தேயிலைத் தோட்டத்துக்கு. ஒன்று மேலே, மற்றது கணவாய்க்குக் கீழே. கிழமைக்குக் கிழமை ஏறி இறங்க வேண்டும். உன் மூன்று சில்லு மோட்டார் சைக்கிள் தோட்டத்துக்குள்ளே, தொழிலாளர் இருக்கிற லயத்துக்கு லயம், நன்றாய் ஓடும். அந்தக் கணவாயை அதன் கிழட்டு எஞ்சின் ஏறாது. ஆகவே தோட்டத்து லொறிக்குப் பின்னால் ஒரு ட்ரெயிலரில் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒருநாள் பயணம் இல்லை, மகனே. மழையிலும் பனியிலும் நீ அங்கே வேலை செய்கிற காலம் முழுக்க அதை ஏற்றவும் இறக்கவும் வேண்டும். யார் ஏற்றுவது? யார் இறக்குவது? நீ பார்த்தது மட்கார்ட்டை.

அந்த மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வந்த கதையை நீ பூரணத்துக்குச் சொல்லியிருப்பாய். ஆனால் என் பக்கத்தைச் சொல்லியிருக்கமாட்டாய். சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் வலக்காலைக் கொண்டுபோனது. அதன் பிறகு நான் உன்னைப் பார்த்துப் பார்த்து வளர்த்தேன், நீ என்னோடு சண்டை பிடித்துப் பிடித்து வளர்ந்தாய். ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் அந்த வண்டியை வாங்கி, மாளிகாவத்தையில் கராஜ் வைத்திருக்கிற ஹமீது நானாவிடம் கொண்டுபோய், கால் பிரேக்கைக் கைக்கு மாற்றி, ஆள் இருக்கிற பக்கப்பெட்டியைக் கழலாதபடி உருக்கி ஒட்டிக்கொண்டு நீ ஒழுங்கைக்குள் வந்து நின்றபோது நான் கத்தின கத்தல் கடற்கரைவரை கேட்டிருக்கும். அதற்குப் பிறகு நீ நினைத்த இடத்துக்குப் போனாய், நினைத்த நேரத்துக்கு வந்தாய். சோறு ஆறிப்போனது என்று நான் ஏசினேன். ஏசுகிற நேரத்திலேயே மனதுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளை ஏசுகிற விஷயத்துக்கு நானும் என் பிள்ளையை ஏசுகிறேன் என்ற சந்தோஷம். பக்கப்பெட்டியில் ஏறச் சொல்லி எத்தனையோ தரம் கூப்பிட்டாய். நான் ஏறவில்லை. அந்தக் கதையும் பின்னால் வருகிறது.

நீயும் பூரணமும் சட்டிபானையோடு றெயிலில் போனீர்கள். வண்டி றெயில் பெட்டி வாசலுக்குள் போகவில்லை, பக்கப்பெட்டி இடித்தது. கழற்றலாம் என்றால் அதைத்தான் நீ ஒட்டிவிட்டாயே. அதனால் தோட்டத்து லொறி கொழும்புக்கு உரம் ஏற்ற வருகிறபோது ட்ரெயிலரோடு இழுத்துக்கொண்டு போகட்டும் என்று ஏற்பாடு. நீ போன கையோடு அப்பா இரத்மலானைக்குப் போய்ப் பச்சையை வாங்கிவிட்டார். ஒருமுறை யோசித்துப் பாருங்கோ என்றேன். "அவன் ஆசைப்பட்டுக் கேட்டது" என்றார். அவருக்கு அது போதும். நீ ஆசைப்பட்டால் கலங்கரை விளக்கத்தையும் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அக்காவின் புருஷன், அத்தான், கொட்டாஞ்சேனையிலிருந்து சிநேகிதர் ஒருவரின் காரைக் கேட்டு எடுத்துக்கொண்டு வந்தார். ட்ரெயிலரைக் காருக்குப் பின்னால் கொழுவி, வண்டியை ஏற்றி, ஹமீது நானாவிடம் கொண்டுபோய்க் கயிறு கட்டுகிற வளையங்களை ஒட்டுவிப்பது என்று திட்டம். ஏற்றுவது எப்படி என்று அப்போதுதான் அவர்களுக்கு யோசனை வந்தது. ட்ரெயிலரின் தட்டு என் இடுப்புக்கு மேலே நின்றது. இரண்டு பலகையைச் சாய்த்து வைத்தார்கள். பாதி ஏறியதும் ஒரு பலகை விலகி, மூன்றாவது சில்லு அந்தரத்தில் நின்றது. பிறகு பலகையை எறிந்துவிட்டுத் தூக்கினார்கள். அத்தான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், அடுத்த வீட்டுப் பெடியன்கள் இருவர் பின்னால். உன் அப்பாவுக்கு என்ன வயது என்று உனக்குத் தெரியும். ஏற்றி முடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பார்த்தாயா என்பதுபோல என்னைப் பார்த்தார்.  காருக்குள் ஏறி இருந்தேன், இவர்களைத் தனியே விட மனம் வரவில்லை.

மழை தூறத் தொடங்கியது. பம்பலப்பிட்டியைத் தாண்டுமுன்னர் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது, அத்தான் பிரேக்கை அழுத்தினார். பின்னால் ஏதோ பிடித்து இழுத்ததுபோல கார் இடமும் வலமுமாய் ஆடியது. நான் முருகனைக் கூப்பிட்டேன், அத்தான் என்ன கூப்பிட்டார் என்று எழுத முடியாது. இறங்கிப் பார்த்தால், வண்டி ட்ரெயிலரின் ஒரு பக்கத்துக்குச் சரிந்து, பக்கப்பெட்டியின் சில்லு விளிம்புக்கு வெளியே தொங்குகிறது. உன் வண்டியின் பாரமெல்லாம் எஞ்சின் இருக்கிற பக்கத்தில். வெறும் பக்கப்பெட்டி காற்றுப்போல. இதை நடுவில் வைத்துக் கட்டினால் சரியும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவ்வளவு உயரத்தில் அது சரிந்தபோது ட்ரெயிலரும் சேர்ந்து சரியப் பார்த்தது. நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். அப்பா குனிந்து தோளைக் கொடுத்தார். வேண்டாம் என்று கத்தினேன், கேட்கவில்லை. கடையிலிருந்து சில சிங்களப் பெடியன்கள் ஓடி வந்து, "மாத்தயா, அயின் வென்ன" என்று அவரை விலக்கிவிட்டு, ஒரே தம்மில் வண்டியை நிமிர்த்தித் தந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் அப்பா நிமிரவில்லை. காரில் ஏற்றுகிறபோது, "ஒண்டுமில்லை, குளிர்" என்றார். அது குளிர் இல்லை, நாரிப்பிடிப்பு, இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் அவர் நிமிர்ந்து நடக்கவில்லை. இது உனக்குத் தெரியாது. எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நேற்று உன் கடிதத்தை வாசித்த பிறகு, எழுதுவது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

அந்த மழையில் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் நினைத்தது அப்பாவைப் பற்றியல்ல, உன்னைப் பற்றி. அந்தக் கணவாயில் கடையும் இல்லை, ஓடிவர ஆட்களும் இல்லை. லொறிக்காரன் ஒருவன், நீ ஒருவன். இதேபோல வண்டி சரிந்தால் நீ எப்படி நிற்பாய், எந்தக் காலை ஊன்றுவாய்? சரியாமல் போனாலும், ஒவ்வொரு கிழமையும் மேலேயும் கீழேயும் ஆட்களைக் கூப்பிட்டு, தூக்குங்கோ, இறக்குங்கோ என்று நீ கேட்டுக்கொண்டு நிற்பாயா? என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?

பள்ளிக்கூடத்தில் உன் வகுப்பை மேல்மாடிக்கு மாற்றிய வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். பெரிய வகுப்புப் பெடியன்கள் இருவரை விட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு வரும்படி வாத்தியார் ஏற்பாடு செய்தார். நல்ல மனதோடுதான் செய்தார். நீ அவர்கள் கையைத் தட்டிவிட்டு, படியில் குந்தியிருந்து, பின்பக்கமாய் ஒவ்வொரு படியாய் அரக்கி அரக்கி ஏறினாய். ஒவ்வொரு நாளும் பிந்திப்போய் அடி வாங்கினாய். காற்சட்டை தேய்ந்து கிழிந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியவந்தது. நான் போய் வகுப்பைக் கீழே மாற்றச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு நீ என்னைக் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. "நான் கேட்டனானா? நான் உங்களைக் கேட்டனானா அம்மா?" இரண்டு நாள் என் கையால் சோறு தின்னவில்லை. அப்படிப்பட்டவன், நாலு பேர் தூக்கினால்தான் ஏறும் ஒரு ட்ரெயிலரைத் தேடிப் பிடித்து, அதுதான் வேண்டும் என்று நிற்கிறாய். தன்னைத் தூக்க வருகிற கையைக் கிட்ட விடமாட்டான், தன் வண்டியைத் தூக்க ஊரைக் கூப்பிடுவானாம். இதற்கு நான் என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்ததும் அப்பாவோடு வாக்குவாதம். அவர் படுக்கையில், நான் தைலப் போத்தலோடு. பச்சை வேண்டாம் என்றேன். கட்டின விதம் பிழை, ட்ரெயிலரில் பிழை இல்லை என்றார். ஹமீது நானாவும் அதைத்தான் சொன்னார், பாவம். பார்க்க வந்தவர், "டீச்சர், இதுல பட்டாளத்து டாங்கியே ஏத்திட்டுப் போகலாம், அவ்வளவு பலம்" என்றார். என் மகன் டாங்கி வைத்திருக்கவில்லையே என்றேன். "அவன் ஆசைப்பட்டது" என்று அப்பா மறுபடி தொடங்கினார். அவன் ஆசைப்பட்டது பெயின்ட்டுக்கு என்றேன். அதோடு என்னோடு கதைப்பதை நிற்பாட்டிவிட்டார். தைலம் பூச மட்டும் முதுகைக் காட்டுவார்.

அப்போதுதான் எனக்குக் கொட்டாஞ்சேனையில் உன் அக்கா வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற கறுப்புச் சாமான் ஞாபகம் வந்தது. நீயும் பார்த்திருக்கிறாய். அடுத்த வீட்டுப் பிலோமினாவின் முற்றத்தில், அதன்மேல்தான் பேரனின் துணியெல்லாம் காயப் போட்டிருக்கும். அவளுடைய தம்பி ஹெந்தளையில் படகு வைத்திருந்த காலத்தில் படகை இழுத்துக்கொண்டு போகச் செய்த ட்ரெயிலர் அது. தம்பி படகை விற்ற பிறகு அது அங்கேயே கிடந்தது. தார் பூசிய கறுப்பு. மீன் மணமும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் தட்டு என் முழங்காலுக்குக் கீழே. அகலமும் போதும். நான் அக்கா வீட்டுக்குப் போய், அத்தானைக் கூட்டிக்கொண்டு, மதிலால் எட்டிப் பார்த்தேன். பிலோமினாவிடம் கேட்டதும், "எடுத்துட்டுப் போங்க டீச்சர், எடத்தப் பிடிச்சிட்டுக் கெடக்குது" என்றாள். துணி காயப்போட மட்டும் வேறு கொடி கட்டித் தர வேண்டுமாம். அத்தான் கட்டிக் கொடுத்தார்.

ஆனால் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுக்க நான் உன்னைப்போல ஆள் இல்லை. வண்டியை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். வண்டி வெள்ளவத்தையில், ட்ரெயிலர் கொட்டாஞ்சேனையில். அத்தான் பஸ்ஸில் வந்து, வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போகிறேன் மாமி, நீங்கள் பஸ்ஸில் வாருங்கோ என்றார். இவரைத் தனியே விட்டால் ஏற்றிப் பார்க்காமலே நல்லாயிருக்கு என்று வந்து சொல்வார் என்று எனக்குத் தெரியும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கப்பெட்டியில் ஏறி இருந்தேன். ஓம், நான்தான். நீ கூப்பிட்டபோதெல்லாம் ஏறாதவள். அத்தானுக்கு அந்தக் கைப்பிரேக் பழக்கமில்லை, ஒவ்வொரு சந்தியிலும் நான் முன்னே போய் மூக்கு இடிபடப் பார்த்தது. காலிமுகத்திடலில் கடற்காற்று என் கொண்டையை அவிழ்த்துவிட்டது. கோட்டையில் ஒரு பொலிஸ்காரன் கையைக் காட்டி நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகச் சொன்னான். புறக்கோட்டைக்குள் என் வகுப்புப் பிள்ளை ஒன்று, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர்" என்று கூப்பிட்டது. நான் கோயில் தேரில் இருக்கிறவளைப்போல நேரே பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதில் இருந்து போவது எனக்குப் பிடித்திருந்தது. அதை வைத்து நீ ஒன்றும் கற்பனை பண்ணாதே.

பிலோமினாவின் முற்றத்தில் நான் அத்தானைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அந்த ட்ரெயிலரில் ஒரு இரும்பு ஆணி இருக்கிறது, நீ இப்போது பார்த்திருப்பாய். அதை இழுத்தால் தட்டுப் பின்னால் சாய்ந்து நிலத்தைத் தொடும். முன்னால் ஓர் உருளை, அதில் கம்பிக்கயிறு, பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடி. படகை இழுத்து ஏற்றத்தானே செய்தது. கயிற்றின் கொளுக்கியை உன் வண்டியின் முன்சட்டத்தில் மாட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், வண்டி தானாய் ஊர்ந்து ஏறும். கையை எடுத்தாலும் பல்லுச் சக்கரம் பிடித்துக்கொள்ளும், பின்னால் வழுக்காது. பாரம் நடுவைத் தாண்டியதும் தட்டுத் தானாய் நேராகும். ஆணியைத் திரும்பப் போட வேண்டியதுதான். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ட்ரெயிலரின் முன்தண்டில் சாய்ந்து நின்று, சுற்றினேன். முதலில் இரண்டு காலையும் ஊன்றிச் சுற்றி ஏற்றினேன். பிறகு இறக்கிவிட்டு, வலக்காலைத் தூக்கிக்கொண்டு, இடக்காலில் மட்டும் நின்று சுற்றினேன்.

பிலோமினா ஓடி வந்து, "காலுக்கு என்ன டீச்சர்? முள்ளுக் குத்திச்சா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அத்தானுக்கு விளங்கிவிட்டது. அவர் மதில் பக்கம் திரும்பிக்கொண்டு சிகரெட் பற்றவைத்தார், என் முன்னால் சிகரெட் பிடிக்காத மனுஷன். வண்டி ஏறியது, மகனே. எனக்கு மூச்சு வாங்கியது, கை சிவந்தது, ஆனாலும் ஏறியது. ஒற்றைக்காலில் நான் ஏற்றினால் நீ ஏற்றுவாய். அதன் பிறகு எனக்கு வேறு ஒன்றும் பார்க்கத் தேவையிருக்கவில்லை. எஞ்சின் பக்கத்துப் பாரத்துக்கு ஈடாய்ப் பக்கப்பெட்டிக்குள் உன் மருந்துப் பெட்டியை வைத்துக் கட்ட வேண்டும், கயிற்றை ஹாண்டிலில் கட்டாமல் சட்டத்தில் கட்ட வேண்டும். இவற்றை அடுத்த நாட்களில் நானும் அத்தானும் கட்டிக் கட்டி, சரியச் சரியக் கண்டுபிடித்தோம். ஹமீது நானா வளையங்களை ஒட்டித் தந்தார், டாங்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உன்னைக் கேட்காமல் ஏன் அனுப்பினேன் என்று கேட்பாய். கேட்டிருந்தால் நீ பச்சை என்று சொல்லியிருப்பாய். லொறி வந்தது, கறுப்பைக் கொழுவி, அத்தானையும் லொறிக்குள் ஏற்றி அனுப்பிவிட்டேன். வாசலில் பச்சை நிற்க, கறுப்புப் போகிறதைச் சன்னலால் பார்த்த அப்பா, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பூரணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலியாணத்தன்று அக்கினியைச் சுற்றி வருகிற நேரம், ஐயர் யாராவது மாப்பிள்ளையைப் பிடியுங்கோ என்றார். உன் முகம் போன போக்கைப் பார்த்து ஒருவரும் கிட்ட வரவில்லை. நான் அப்போது உன்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். அவள் உன்னைப் பிடிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. தன் நடையை மெல்லக் குறைத்தாள், அவ்வளவுதான். கூறைச் சேலை தடக்குகிறது என்று சபை நினைத்தது. சேலை தடக்கவில்லை. அந்தப் பிள்ளையோடு நீ கோபமாய்க் கதைக்கிறாய் என்று கேள்விப்பட்டால், இந்த வயதில் நான் றெயில் ஏறி அங்கே வருவேன். அவளுக்குத் தெரிந்த அளவுக்கு உதவி செய்ய எனக்கே தெரியாது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பை மாற்றுகிறவள்.

இனி உன் கடிதத்தில் நீ எழுதாமல் விட்டதற்கு வருகிறேன். அத்தான் மலையிலிருந்து திரும்பி வந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு சொன்னார். லொறி வந்து சேர்ந்த அன்றைக்கு நீ ட்ரெயிலரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முகத்தை நீட்டிக்கொண்டு உள்ளே போனாயாம். ஆணியையும் கயிற்றையும் மருந்துப் பெட்டி வைக்கிற இடத்தையும் அத்தான் பின்னாலேயே வந்து சொல்ல, நீ கேளாதவன்போல இருந்தாயாம். அடுத்த நாள் விடிய, கீழ்த் தோட்டத்திலிருந்து ஆள் வந்ததாம், தொழிற்சாலை மெஷினில் ஒரு பெடியனின் கை அகப்பட்டுவிட்டது என்று. லொறிக்காரன் எழும்பி லொறியைப் பின்னால் எடுத்து ட்ரெயிலரைக் கொழுவிவிட்டு, சட்டை மாற்றப் போய்விட்டான். நீ மட்டும் முற்றத்தில். அத்தான் சன்னலால் கண்டு, கை கொடுக்க என்று வாசலுக்கு ஓடினாராம். பூரணம் வாசலில் நின்று மறித்தாளாம்.

"அண்ணா, போகாதேங்கோ" என்றாளாம். "அவர் கூப்பிட்டால் போங்கோ."

நீ கூப்பிடவில்லை. ஆணியை இழுத்தாய், கொளுக்கியை மாட்டினாய், முன்தண்டில் சாய்ந்து நின்று சுற்றினாய். மருந்துப் பெட்டியைப் பக்கப்பெட்டிக்குள் வைத்துக் கட்டினாய். லொறிக்காரன் பொத்தானைப் போட்டுக்கொண்டு வருகிறபோது வண்டி மேலே இருந்தது, நீ லொறிக்குள் இருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டு இருந்தாயாம். அந்தப் பெடியனுக்கு ஒரு விரல் போனதாம், கை தப்பிவிட்டதாம். இதெல்லாம் நடந்த பிறகு, மீன்வண்டி என்று எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். உனக்கு வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா? பச்சைப் பெயின்ட் வேண்டுமென்றால் ஒரு டின் வாங்கி அடி. சிவப்பு அடி, மயில் படம் கீறு, எனக்குக் கவலை இல்லை. ஆனால் அதைத் திருப்பி அனுப்பினால் நான் ஏற்கமாட்டேன். ஒழுங்கைக்குள் இடமும் இல்லை.

அத்தான் சொல்லி முடித்தார். அப்பா முனகிக்கொண்டு எழும்பி, சுவரில் முதுகைச் சாய்த்து இருந்தார்.

"ஒருத்தரும் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை மாமா. ஒருத்தரும் கிட்டப் போகேல்லை."

"முதலிலை இருந்து சொல்லும்."

அத்தான் முதலிலிருந்து சொன்னார். எந்தக் கையால் சுற்றினாய், கொளுக்கியை எந்த இடத்தில் மாட்டினாய், ஏறுகிறபோது வண்டி நின்று நின்று ஏறியதா, ஒரே இழுவையில் ஏறியதா என்று அப்பா இடையிலே இடையிலே கேட்டார். சொல்லி முடிந்ததும் இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அத்தானும் சொன்னார், தேத்தண்ணியைத் தொடக்கூட இல்லை. அப்போது அப்பா என் பக்கம் திரும்பினார். அந்த வாக்குவாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னோடு வாய் திறந்தார்.

"உவருக்கு வேறை தேத்தண்ணி ஊத்து. அது ஆறிப்போச்சு."

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா